தாத்தாவின் தீட்டுக்கல் வழுக்குகிறது, உளி கூர் ஏறவே இல்லை

குன்னூர்வாசி:
தாத்தா தேயிலை எஸ்டேட்டில் தச்சு வேலை பார்த்தவர். அவருடைய தீட்டுக்கல் மரப்பெட்டியோடு என் கைக்கு வந்திருக்கிறது. ஒரு சாண் நீளம், சாம்பல் கலந்த வெள்ளை, நடுவே மெல்லிய கறுப்பு ரேகைகள். முக்கால் அங்குல உளியை அரைமணி நேரம் தேய்த்தும் பயனில்லை, கண்ணாடியில் தேய்ப்பது மாதிரி வழுக்குகிறது. உளி வாயின் இரண்டு மூலையும் பளபளக்கின்றன, நடுவில் பழைய கீறல் அப்படியே இருக்கிறது. விடுவது தேங்காய் எண்ணெய். போன முறை சாணை பிடிக்கக் கொடுத்தேன், முனை நீலம் பாரித்துத் திரும்பி வந்தது. அதனால்தான் இந்தக் கல்லை எடுத்தேன்.

இழைப்புளி:
மூலை மட்டும் தேய்கிறதா? அப்படியானால் கல் நடுவில் குழிந்திருக்கிறது. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், இடுக்கில் வெளிச்சம் தெரியும்.

வெட்டுக்கத்தி:
பேசாமல் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வைரத்தூள் பதித்த தீட்டுத் தகடு ஒன்று வாங்கிவிடுங்கள். நேரம் மிச்சம்.

பழைய உளி:
தம்பி, அவசரப்பட்டு ஒதுக்கி வைக்க வேண்டாம். ஒரு பக்கம் சொரசொர, மறுபக்கம் நைஸ், நடுவில் ஒட்டுக் கோடு என்றிருந்தால் அது ஆலையில் செய்த கார்பரண்டம் கல். உங்களுடையதில் ரேகை ஓடுவதால் இயற்கைக் கல்லாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் அர்கன்சாஸ் கல்லும் பார்க்க இப்படி இருக்கும், ஆனால் நீங்கள் சொன்ன அடையாளத்தை மட்டும் வைத்து ஊர் பேர் சொல்ல மாட்டேன்.

முதல் குற்றவாளி தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், உங்கள் ஊர்க் குளிருக்குக் கேட்கவே வேண்டாம். இரும்புத் தூளோடு சேர்ந்து மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள், கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை டர்பன்டைன். காலையில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஓரத்தில் ஏடு ஏடாகத் தெரிந்தால் மட்டும் ஊறப் போடாதீர்கள், பிளந்துவிடும். எந்தக் கல்லையும் கொதிக்க வைக்க வேண்டாம்.

அப்புறம் மட்டம். கல் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடி மேல் 120 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கட்டம் முழுக்க அழியும் வரை விடாதீர்கள். இந்த மாதிரிக் கெட்டிக் கல்லில் எஃகைத் தேய்க்கும் நுண்மணிகள் எளிதில் உதிராது, போகப் போக முகம் மழமழவென்று ஆகிவிடும். வழுக்குவதற்கு அதுவும் காரணம். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

உளி முனையில் சாணைச் சூட்டில் நீலம் பாரித்த இடத்தில் எஃகு பதம் போய் மெதுவாகிவிட்டது. அதைத் தாண்டித் தேய்க்கும் வரை கூர் நிற்காது.

குன்னூர்வாசி:
நாலு நாள் கழித்து வருகிறேன். ஊறப் போட்ட மண்ணெண்ணெய் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது! மட்டமாக்க மூன்று சாயங்காலம், ஏழு தாள். இன்று மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன், கல் கடிக்கிறது. நீலம் போனதும் உளியின் பின்பக்கம் வாய் முழுக்கப் பிசிறு விரலில் தட்டியது. பின்பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து எடுத்துவிட்டேன். தேக்குக் குறுக்குவெட்டில் சுருள் சுருளாக வருகிறது. அடுப்படி ஸ்டெயின்லெஸ் கத்தி மட்டும் இதில் ஏறவில்லை, ஏன்?

பழைய உளி:
உங்கள் கல் குவார்ட்ஸ் என்ற கனிமத்தால் ஆனதாக இருந்தால், கடினம் மோஸ் அளவில் (வைரத்துக்கு 10) 7தான். தாத்தா காலத்து கார்பன் எஃகுக்கு அது போதும். குரோமியம் நிறைய உள்ள எஃகில் (ஸ்டெயின்லெஸ் அந்த வகை) இருக்கும் கார்பைடு என்ற நுண்மணிகள் குவார்ட்ஸைவிடக் கடினம், அதனால் மெதுவாகத்தான் போகும். கத்திக்கு கார்பரண்டம் கல்லே போதும்.

வெட்டுக்கத்தி:
அல்லது நான் சொன்ன வைரத் தகடு.

குன்னூர்வாசி:
சரி அண்ணே, கத்திக்கு உங்கள் பேச்சைக் கேட்கிறேன்.