சூப்புக்குச் சுட்ட மசாலா ரொட்டியில் சிவப்புப் புள்ளிகள் வருவது ஏன்?

கேள்வி (சுங்கை சிப்புட்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்புச் சூப் வைத்தால், மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் ரொட்டி பெங்காலி வாங்கித் தொட்டுக்கொள்வது வழக்கம். சென்ற வாரம் அவர் வராததால், ஈஸ்ட் சேர்க்காமல் விரைவாகச் சுடும் மசாலா ரொட்டியை நானே செய்து பார்த்தேன். கடையில் தெப்போங் காண்டும் என்று விற்கும் வெள்ளைக் கோதுமை மாவு 2 கோப்பை, ஆப்பச்சோடா ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகு, சீரகம், மஞ்சள்தூள், 1 கோப்பை தேங்காய்ப்பால் ஆகியவற்றைச் சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்து ஓவனில் வைத்தேன். அறுத்துப் பார்த்தால் உள்ளே வெற்றிலைச் சாறு தெறித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். வாயில் வைத்தால் சவர்க்காரச் சுவை. மாமியார் ஒரு துண்டைச் சூப்பில் தோய்த்துக் கடித்தவர், மீதியைப் பேசாமல் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். மஞ்சள்தூளில் கலப்படம் இருக்குமோ?

பதில் (தைப்பிங்):
மஞ்சள்தூளின்மேல் பழி போடாதீர்கள், தங்கச்சி. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்கிறதல்லவா, அதுதான் உங்கள் ரொட்டிக்குள்ளும் நடந்திருக்கிறது. சுண்ணாம்பைப் போலவே ஆப்பச்சோடாவும் காரத்தன்மை உடையது. அது புளிப்போடு சேர்ந்தால்தான் வாயு நன்றாகக் கிளம்பி மாவு உப்பும், சோடாவின் வேகமும் தணியும். தேங்காய்ப்பாலில் அந்தப் புளிப்பு இல்லாததால், சலிக்காமல் போட்ட சோடா கட்டி கட்டியாக நின்ற இடமெல்லாம் மஞ்சள் சிவந்துவிட்டது. சவர்க்காரச் சுவைக்கும் அதுவே காரணம். ஐயமிருந்தால் ஒரு புள்ளியின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். 2 கோப்பை மாவுக்கு அரைத் தேக்கரண்டி ஆப்பச்சோடா, 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், புளித்த கெட்டி மோர் 1 கோப்பை போதும்.

பதில் (தெலுக் இந்தான்):
அக்கா சொன்னது சரி. ஆனால் பிசைந்ததை அவர் கவனிக்கவில்லை. சப்பாத்தி மாவைப்போல் பிசைந்தால் மாவில் இழுவை கூடி ரொட்டி தோல்போல் ஆகிவிடும். மரக்கரண்டியால் பத்துப் பதினைந்து முறை புரட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலையில், அங்கங்கே சிறு கட்டிகள் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். மோர் பட்டவுடனேயே சோடா வேலையைத் தொடங்கிவிடுவதால், ஓவனை முன்கூட்டியே 180 பாகையில் சூடாக்கி வைத்து, கலவையை உடனே உள்ளே தள்ளுங்கள். மசாலாவைப் பொடியாகப் போடுவதைவிட, மிளகையும் சோம்பையும் வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்து, கறிவேப்பிலையோடு சிறிது நெய்யில் புரட்டிச் சேர்ப்பதே என் கட்சி. கரம் மசாலா வேண்டவே வேண்டாம். சூப்பிலேயே பட்டையும் கிராம்பும் கிடக்கின்றன.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எஞ்சிய துண்டின்மேல் எலுமிச்சை பிழிந்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியதைப் பிள்ளைகள் மூன்று முறை செய்து பார்த்தார்கள். நேற்று மோர் ஊற்றிச் சுட்டேன். நாற்பது நிமிடத்தில் குச்சியை நடுவில் குத்தினால் ஈரமாக ஒட்டியதால் இன்னும் ஏழு நிமிடம் விட்டேன். புள்ளி ஒன்றுகூட இல்லை. மாமியார் இம்முறை வாய் திறந்தார்: மிளகு போதவில்லையாம்.