குறைமாதத் தாயின் சீம்பாலை உறையவைத்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புக் கலங்கள் பிழைக்குமா?

கேள்வி (கோண்டாவில்):
என் தங்கைக்கு 31 ஆவது வாரத்திலேயே பிரசவமாகி, குழந்தை சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. கையால் பீய்ச்சி எடுக்கும் சீம்பால் ஒரு தேக்கரண்டியளவுகூட வரவில்லை. குழந்தை குடிக்கத் தொடங்கும்வரை அதை உறையவைப்போம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தாதியோ உடனே கொண்டுவரச் சொல்கிறார். பாலில் உயிருள்ள வெண்குருதிக் கலங்கள் இருப்பது உண்மைதானா? உறையவைத்தால் அவை என்னவாகும்?

பதில் 1 (ஆய்வுகூடப் பணியாளர்):
உண்மைதான். சீம்பாலின் ஒரு மில்லிலீற்றரிலேயே அவை இலட்சக்கணக்கில் உள்ளன. வெண்குருதிக் கலங்களின் வகைகளில் பெரும்பங்கு மாவிழுங்கிகளும் (macrophages) நடுநிலைநாடிகளும் (neutrophils), எஞ்சியவை நிணநீர்க்குழியங்கள் (lymphocytes). பால் சுரக்கும் கலங்களுக்கிடையிலான இணைப்புகள் முதல் நாட்களில் இறுகாதிருப்பதால், தாயின் குருதியிலிருந்து அவை எளிதில் பாலுக்குள் வருகின்றன. குறைமாதத்தில் பிரசவித்தவர்களிடம் அந்த இறுக்கம் ஏற்படச் சற்றுத் தாமதமாவதுண்டு. பின்னர் தொகை வெகுவாகக் குறைந்து, தாய்க்கோ குழந்தைக்கோ தொற்று ஏற்படும்போது மீண்டும் ஏறும். உறையும்போது உருவாகும் பனிப்பளிங்குகள் கலமென்சவ்வைக் கிழித்துவிடுவதால் இக்கலங்களில் பெரும்பாலானவை இறந்துவிடும், பாலை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கும் பாச்சராக்கத்துக்கும் அவை தாங்கா.

பதில் 2 (ஓய்வுபெற்ற தாதி, சாவகச்சேரி):
தங்கச்சி, தாதி சொன்னபடி உடனே கொண்டுபோங்கள். விழுங்க முடியாத குழந்தைக்குக்கூட, பிரிவின் வைத்தியர் அனுமதித்தால், சிறிஞ்சினால் கன்னத்தின் உட்புறம் இரு பக்கமும் சுமார் 0.1 மில்லிலீற்றர் வீதம் தடவுவார்கள். அதற்குச் சில துளிகளே போதும். சேமிப்பதென்றால், பால் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கியபின் மிஞ்சுவதைச் சேமியுங்கள். காயச்சரக்கு (பிரசவித்த தாய்க்குக் கறியில் சேர்க்கும் சரக்குத் தூள்) சாப்பிட்டால் இக்கலங்கள் பெருகுமென்று யாராவது சொன்னால், கறியின் ருசிக்காக மட்டும் சாப்பிடுங்கள்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கவேண்டும். தாயின் ஐஜிஜி (IgG) வகைப் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் (நஞ்சுக்கொடியின்) ஊடாகச் சிசுவை அடைவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் என்பதால், 31 வாரக் குழந்தை அவற்றின் ஒரு பகுதியை இழந்தே பிறக்கிறது. ஆயினும் முழுப் பாதுகாப்பையும் இக்கலங்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. பாலிலுள்ள கலங்கள் குடலைக் கடந்து குட்டியின் உடலுக்குள் செல்வது விலங்குகளில் காட்டப்பட்டுள்ளது. மனிதக் குழந்தைகளில் நேரடிச் சான்று மிகக் குறைவு. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கடும் குடல் அழற்சி நோயின் (NEC) ஆபத்தைத் தாய்ப்பால் குறைப்பதில், பாலிலுள்ள ஐஜிஏ (IgA) என்ற பிறபொருளெதிரி, லக்ரோஃபெரின் என்ற புரதம் போன்றவற்றுக்கும் பங்குண்டு; உறைநிலையில் அவற்றில் பெரும்பகுதி தப்பிவிடும். எனவே ஏற்கெனவே உறையவைத்த பால் இருந்தால், அதையும் ஊற்றிவிடாமல் பிரிவிடம் கொடுங்கள்.