மாயாற்றுப் பாறுகளைக் காப்பது காடா, மருந்துத் தடையா?

நீர்மருது: செத்த விலங்குகளைத் தின்னும் பாறு கழுகுகள் தமிழ்நாட்டில் இன்னும் கூடு கட்டுவது மாயாற்றுப் பள்ளத்தாக்கில், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட காட்டில்தான். ஏன் அங்கே மட்டும்? புலி அடித்த மானும் கடமானும் அங்கே கிடைக்கின்றன. அந்த இறைச்சியில் எந்த ஊசி மருந்தும் இல்லை. ஊர்ப்புறங்களில் இருந்த பாறுகள் எல்லாம் போய்விட்டன. காட்டைக் காப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

சந்தைமேடு: இதை ஏற்க முடியவில்லை. ராஜஸ்தானில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. காவல், வேலி, அதிகாரி எல்லாம் இருந்த இடம். 1990-களின் பிற்பாதியில் அங்கேயே பாறுக் கூடுகள் சரிந்தன. பாறு இரை தேடி வெகுதூரம் பறக்கும். வெளியே செத்துக் கிடக்கும் மாட்டையும் தின்னும். அந்த மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக், தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில்தான் இது வெளிவந்தது. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரே பிணத்தில் கூட்டமாக இறங்கும் பறவை, ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் போடத் தடை வந்த பிறகுதான் சரிவின் வேகம் தணிந்தது.

நீர்மருது: தடை வந்தது சரி. ஆனால் மனிதருக்கென விற்ற டைக்ளோஃபினாக்கின் பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்களே? குப்பியை 3 மில்லியாகக் குறைக்க 2015 ஆனது. பாறைக் கொல்லும் மற்ற வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைகளுக்குத் தடுக்க 2023 ஆனது. அத்தனை ஆண்டும் மாயாற்றுப் பாறுகளைத் தாங்கியது எந்தச் சட்டம்?

பட்டிக்காரன்: இருவரும் மாடு வளர்ப்பவனை மறந்துவிட்டீர்கள். எந்த ஊசி போடுவது, செத்த மாட்டை என்ன செய்வது என்பதெல்லாம் எங்கள் கையில்தான் இருக்கிறது. 2023-ல் நீலகிரியில் அவலாஞ்சி அருகே விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. அதே பிணத்தில் பாறுகள் இறங்கியிருந்தால் ஒரு கூட்டமே போயிருக்கும். விஷம் வைப்பது குற்றம்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் புலி மாட்டை அடித்த அதே வாரத்தில் இழப்பீடு கையில் வந்தால் விஷம் வைக்க யாருக்கும் மனம் வராது.

சந்தைமேடு: இழப்பீடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது விஷத்தை மட்டும்தான் தடுக்கும். மருந்தில் கெட்ட எண்ணமே இல்லையே! மாடு பிழைக்கட்டும் என்றுதான் போடுகிறார்கள். பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் அது எப்போதும் இருக்க வேண்டும், மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனையும் வேண்டும்.

பட்டிக்காரன்: சோதனையைக் கடையில் வையுங்கள், எங்கள் பட்டியில் வேண்டாம். மசினகுடிப் பக்கம் மலையடிவாரத்தில் ராத்திரி மாடு படுத்துவிட்டால் மருந்தகம் திறந்திருக்காது. மெலாக்சிகாமை ஊருக்குள்ளேயே ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஏன் வேறு ஊசியைத் தேடப்போகிறோம்?