ஊர்ப் பாடசாலை: வரும் ஆண்டு நிதியை வாசிப்புக்கு ஒதுக்குவது குறித்து

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கையில் உள்ள நம் ஊர் ஆரம்பப் பாடசாலைக்கென, வெளிநாடுகளில் வாழும் நாம் சேர்த்துள்ள நிதியை வரும் ஆண்டில் எதற்குச் செலவிடுவது என்பது பற்றிச் சென்ற கூட்டத்தில் மூன்று கருத்துகள் முன்வைக்கப்பட்டன. முகப்பு வளைவும் முன்மதிலும் கட்டுவது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெறும் பிள்ளைகளுக்குத் தங்கப் பதக்கம் அணிவிப்பது, நூலகத்துக்கு அலுமாரிகளும் புத்தகங்களும் வாங்குவது என்பனவே அவை. அவற்றை ஆராய்ந்து எழுதித் தருமாறு கல்வி உபகுழுவிடம் கேட்கப்பட்டது. மூன்றையும் இந்த ஆண்டு ஒத்திவைத்து, 2, 3, 4 ஆம் தரங்களில் இன்னும் சரளமாக வாசிக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேர வாசிப்பு வகுப்பு நடத்துவதற்கே அந்த நிதியைப் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்பது தெரியும். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பதக்கம். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவுதொகை கிடைக்கவும், திறமையுள்ள பிள்ளை ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலையொன்றில் சேரவும் வழிசெய்வதற்கென்றே புலமைப்பரிசில் பரீட்சை ஏற்படுத்தப்பட்டது. இன்றோ மூன்றாம் தரத்திலிருந்தே ரியூசன், மாதிரி வினாத்தாள், மாலை வகுப்பு என்று அது பெற்றாரின் ஓட்டமாக மாறிவிட்டது. அந்த ஓட்டத்தில் முன்னே வரும் பிள்ளைகளைப் பாராட்டப் பாடசாலையும் பத்திரிகையும் உறவினரும் இருக்கிறார்கள். ஆனால் நான்காம் தரத்துக்கு வந்தும் வினாவையே வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வரலாறும் விஞ்ஞானமும் மட்டுமன்றி, வசனத்தில் கேட்கப்படும் கணக்கும் கூடக் கைக்கெட்டாமல் போகிறது. நம் பணம் மிகவும் தேவைப்படுவது அங்கேதான்.

வாசிப்பு எங்கே தடைப்படுகிறது என்பதை ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர்கள் சிலருடன் விரிவாகப் பேசினோம். தமிழ் எழுத்துகளைச் சொல்லத் தெரிந்தவுடன் வாசிக்கத் தெரிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளை, அவற்றைக் கலைத்துக் காட்டினால் தடுமாறுவதுண்டு. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் ஒலிக்க வேண்டியதோ மெய். 'கொ', 'கோ' ஆகியவற்றில் உயிரின் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'க' என்ற ஒரே எழுத்து 'கல்', 'பகல்', 'தங்கம்' என்ற மூன்று சொற்களிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றையெல்லாம் கடந்து வந்த பிள்ளைக்கு முன்னால் 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்ற 14 எழுத்துச் சொல் ஒன்று வந்து நிற்கும். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு அதன் கடைசிக்கு வருவதற்குள் வசனத்தின் தொடக்கம் நினைவிலிருந்து போய்விடும். வாசித்து முடித்த பிள்ளையிடம் 'என்ன வாசித்தாய்?' என்று கேட்டால் பதில் வராததற்குக் காரணம் விளக்கக் குறைவு அன்று, வேகக் குறைவு.

இதனுடன் நம் பேச்சுக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் 'அவை வருகினம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் 'அவர்கள் வருகிறார்கள்' என்று காண்கிறது. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது வடிவமும் காதில் விழுந்திருக்கும். வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அது ஏறத்தாழப் புதிய மொழி. உரத்து வாசித்துக் காட்டுவதை நாங்கள் இந்தத் திட்டத்தின் முதல் வேலையாக வைத்திருப்பது இதனால்தான்.

ஆசிரியர்களைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. நம் நாட்டு ஆரம்பக் கல்வியில் 1, 2 ஆம் தரங்கள் ஒரு கட்டமாகவும், 3, 4 ஆம் தரங்கள் இன்னொரு கட்டமாகவும், 5 ஆம் தரம் தனிக் கட்டமாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளை பெற்றிருக்க வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் ஒரு வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளையும் கதைப்புத்தகம் வாசிக்கும் பிள்ளையும் அருகருகே இருக்கும்போது, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர் நடுவில் உள்ளவர்களை நோக்கித்தான் கற்பிப்பார். யார் அந்த இடத்தில் நின்றாலும் அதையே செய்வார்.

நூலக அலுமாரி பற்றி எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. நானே முதலில் அதற்கு ஆதரவாக இருந்தவன். பிற இடங்களில் கிடைத்த அனுபவம் மனத்தை மாற்றியது. 1990களில் மேற்குக் கென்யாவின் கிராமப் பாடசாலைகளுக்குப் பாடப்புத்தகங்கள் இலவசமாக வழங்கப்பட்டபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டுமே பயன் பெற்றார்கள். மற்றவர்களால் அந்தப் புத்தகங்களை வாசிக்க முடியவில்லை. கர்நாடகத்தில் பாடசாலை நூலகத் திட்டமொன்றை ஆராய்ந்தவர்கள், அதனால் பிள்ளைகளின் மொழித்திறன் உயரவில்லை என்றே கண்டார்கள். ஆனால் பிலிப்பைன்ஸின் டார்லாக் மாகாணத்தில் நான்காம் தரப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகங்களைக் கொடுத்து, ஆசிரியருக்கும் பயிற்சியளித்து, 31 நாட்கள் வகுப்பு நேரத்திலேயே வாசிக்கவைத்தபோது வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்தது. புத்தகம் மூன்று நாடுகளிலும் இருந்தது. பிலிப்பைன்ஸில் அதற்கென ஒதுக்கிய நேரமும் உடனிருந்த ஆளும் கூடுதலாக இருந்தன.

எங்கள் திட்டத்துக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இந்தியாவிலிருந்து வருகிறது. மும்பாயிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பின்தங்கிய 3, 4 ஆம் தரப் பிள்ளைகளை 15 முதல் 20 பேர் கொண்ட சிறு குழுக்களாக வகுப்பிலிருந்து அழைத்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம் பெண்களைக் கொண்டு நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படைகளைக் கற்பித்தது. அந்தப் பெண்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அல்லர். இடைநிலைக் கல்வி முடித்தவர்கள். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். இதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும், கென்யப் பாடப்புத்தக ஆய்வில் பங்குகொண்ட மைக்கேல் கிரெமரும் 2019 ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசு பெற்ற ஆய்வு என்பதற்காக நம் ஊரிலும் அப்படியே பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. செலவு குறைந்த, ஊரிலேயே ஆட்களைக் கொண்ட முறை என்பதுதான் எங்களை ஈர்த்தது.

இனி, செய்ய வேண்டியவை. தவணை தொடங்கும் வாரத்திலேயே 2, 3, 4 ஆம் தரங்களில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, எழுத்து, சொல், சிறு பந்தி, ஒரு பக்கக் கதை என்ற நான்கு படிகளில் எதுவரை வாசிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். வினாத்தாளும் புள்ளியும் தேவையில்லை. பிறகு தரத்தைப் பாராமல் படியைப் பார்த்துக் குழு அமைக்க வேண்டும். நான்காம் தரப் பிள்ளை இரண்டாம் தரப் பிள்ளையுடன் அமர நேரிடும். அதைத் தண்டனையாக உணராதவாறு நடத்துவது நாம் நியமிப்பவரின் திறமையைப் பொறுத்தது. அதே சோதனையைத் தவணை முடிவுகளில் திரும்பச் செய்து, எத்தனை பிள்ளைகள் ஒரு படி ஏறினார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும், பெயர்களின்றி, நமக்கு அறிவித்தால் போதும். பிள்ளைகளின் படங்களை முகநூலில் போடுவதற்கு உபகுழு ஒருபோதும் சம்மதிக்காது.

சோதனையின்போது கண்பார்வைக் குறைபாடும் வெளிப்படலாம். முதலாம், நான்காம் தரங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் நடத்தும் மருத்துவப் பரிசோதனை உண்டு. இடையில் கண்டறியப்படும் பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்க ஒரு சிறு தொகையை வைத்திருக்கிறோம்.

வகுப்பை நடத்த, உயர்தரம் முடித்து ஊரிலேயே இருக்கும் இருவரை நியமித்து, மாதம் தலா 25,000 ரூபா கொடுப்பனவு வழங்க எண்ணியுள்ளோம். பத்து மாதங்களுக்கு 5 இலட்சம் ரூபா ஆகும். புத்தகம், அச்சு, கண்ணாடி ஆகியவற்றுக்கு மேலும் ஒன்றரை இலட்சம். கதைகளுக்கு நாம் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் நான்கு படிநிலைகளில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. அவற்றை அச்சிடவும் மாற்றியமைக்கவும் உரிமம் இடங்கொடுக்கிறது. ஆகவே 'லாரி' என்று இருக்குமிடத்தில் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'லொறி'யைப் போட்டுக்கொள்ளலாம். புத்தகங்கள் அதிபர் அறையில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதால், பாதியைச் சனசமூக நிலைய வாசிகசாலையில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க விரும்புகிறோம். மாலையில் பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்களில் ஒருவரேனும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முன்வருவார் என்று நம்புகிறோம். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும். அதற்காகத் தண்டப்பணம் வேண்டாம்.

நிதி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கே போக வேண்டும். தனியாரின் கணக்குக்கு அன்று. அதிபரே அச்சங்கத்தின் தலைவர் என்பதால் அவருடைய முழு இணக்கம் இல்லாமல் எதையும் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. வெளியாள் ஒருவர் பாடசாலை வளவுக்குள் வகுப்பெடுப்பதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியையும் அவர் மூலமாகவே எழுத்தில் பெற வேண்டும். அது கிடைக்கத் தாமதமானால் முதல் தவணையை வாசிகசாலை மண்டபத்தில் தொடங்கலாம் என்பது மாற்று யோசனை. வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் காணொளி வழியாகக் கதை வாசித்துக் கொடுக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் முதல் ஆண்டில் அது வேண்டாம். நம் பிள்ளைகளின் வசதிக்கேற்ப ஊர்ப் பிள்ளைகளின் நேரத்தை மாற்றும் நிலை வந்துவிடும்.

தீர்க்கப்படாத விடயம் ஒன்று உண்டு. நியமிக்கப்படும் இருவரும் நன்றாகச் செய்து, அதனாலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் திருப்தியான விடை இல்லை. மேலும் இருவருக்குத் தொடக்கத்திலேயே பயிற்சி கொடுத்துவைப்பதா, அல்லது கொடுப்பனவை உயர்த்துவதா என்பதில் உபகுழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

இதைப் பற்றி டிசெம்பர் முதற் சனிக்கிழமை, ரொறன்ரோ நேரம் காலை 7 மணிக்குப் பேசலாம். இலண்டனில் அப்போது நண்பகல் 12, ஊரில் மாலை 5.30, மெல்பேணில் இரவு 11 ஆகிவிடுவதால் அங்குள்ளவர்கள் தங்கள் கருத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பினால் கூட்டத்தில் வாசிக்கிறோம். நியமனத்துக்குப் பொருத்தமான எவரையேனும் அறிந்திருந்தால் பெயரை இக்குழுவில் எழுதாமல் உபகுழுவுக்குத் தனியே அறிவியுங்கள். முகப்பு வளைவுக்கென்று குறிப்பிட்டுப் பணம் தந்தவர்கள், அதை வாசிப்பு வகுப்புக்கு மாற்றச் சம்மதமா இல்லையா என்பதையும் அதற்குள் தெரிவிக்க வேண்டும். சம்மதமில்லாதவர்களின் தொகை தொடப்படாமல் தனியே வைக்கப்படும்.

கல்வி உபகுழுவின் சார்பில்