தம்பியின் நடை பற்றி ஒரு உதவி வேண்டும்

வணக்கம். என் தம்பிக்கு 31 வயது, டவுன் சிண்ட்ரோம். தினமும் என்னோடு தெருமுனை பால் பூத் வரை வருவான், 400 மீட்டர்கூட இருக்காது, ஆனால் வீடு திரும்புவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்கிறார்கள், மனசு கொதிக்கிறது.

மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்வாக இருப்பதால், விழாமலிருக்கக் காலை அகட்டி, சின்னச் சின்ன அடியாக ஆடி ஆடி நடக்கிறான், அதனால் அதே தூரத்துக்கு நம்மைவிட அதிக சக்தி செலவாகிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். உடற்பயிற்சியில் இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் குறைவாம், அதைக் கணிக்க வழக்கமாகப் போடும், 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாதாம். தைராய்டு பார்த்தாச்சு, சரியாக இருக்கிறது.

அவனுக்குத் தட்டைப் பாதம், செருப்பின் உள்பக்க ஓரம் இரண்டே மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் யாராவது போட்டுப் பார்த்தீர்களா, அளவெடுத்துச் செய்ததா, கடையில் வாங்கியதா? அப்புறம், டிரெட்மில் பழக்கியவர்கள் எவ்வளவு மெதுவாக ஆரம்பித்தீர்கள்? துடிப்பை வைத்துப் பார்க்க முடியாதென்றால், போதும் நிறுத்தலாம் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அவனாக ஒருநாளும் முடியவில்லை என்று சொல்லமாட்டான்.