'விரைமூடல்' போதாது: வீனஸ் பூச்சிப்பொறிக்கு 'வளைபுரள்வு'

வணக்கம் ஐயா.

பூச்சியுண்ணும் செடியான வீனஸ் பூச்சிப்பொறியின் இலை சட்டென்று மூடுவதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நீங்கள் முன்வைத்த 'விரைமூடல்' ஓசைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது வேகத்தை மட்டும் சொல்கிறது. கலைச்சொல் வேண்டியிருப்பது, அந்த வேகம் பிறக்கும் முறைக்கு.

பொறி திறந்திருக்கும்போது இலையின் இரண்டு மடல்களின் உட்பரப்பும் புடைத்திருக்கும். அங்குள்ள உணர்மயிர்களைப் பூச்சி சுமார் 20 விநாடிக்குள் இருமுறை தொட்டால் மின்துடிப்பு பரவி, மடலின் உள், வெளி அடுக்குகளுக்கு இடையிலான இழுவிசை மாறத் தொடங்குகிறது. ஓர் எல்லை வரை மடல் மெதுவாகத்தான் அசையும். எல்லை கடந்ததும், பெருங்காற்றில் குடை மறுபுறம் திரும்புவதுபோல, புடைத்திருந்த பரப்பு சட்டென்று குழிந்துவிடும். இதற்கு ஏறத்தாழ 0.1 விநாடி போதும். மடலில் சேர்ந்திருந்த மீள்விசை ஆற்றல் ஒரேயடியாக விடுபடுவதே இதற்குக் காரணம் என்று யோயெல் ஃபோர்டெர், எல். மகாதேவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள்.

பாடநூல்களின் 'தொடுவுறு வளைதல்' இங்கே இடறுகிறது. பசையால் பூச்சி பிடிக்கும் ட்ரோசீரா செடிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்; அதன் பசைக்காம்புகள் பூச்சியை நோக்கி உண்மையிலேயே வளைகின்றன, பெரும்பாலும் நிதானமாக. பூச்சிப்பொறியின் மடலோ ஏற்கெனவே வளைந்திருப்பது. மாறுவது வளைவின் பக்கம்.

ஆகவே 'வளைபுரள்வு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. முந்தைய கடிதத்தில் ஒருவர் 'வளைவுப்புரட்டு' என்றார். புரட்டு என்றால் பொய் என்ற பொருள் முந்திக்கொண்டு வரும். தவிர, இலையை எவரும் புரட்டுவதில்லை, தானே புரள்கிறது. தன்வினைதான் சரி. 'மடல் வளைபுரள்கிறது', 'வளைபுரளும் தகடு' என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையில்லாமல் வருகிறது. பொறியியலாரும் மெல்லிய தகடுகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிற செடிகளில் வைத்துப் பார்த்தேன். நீரில் வாழும் யூட்ரிகுலேரியா செடியின் இரை பிடிக்கும் பையில் உள்ள கதவும் இப்படித்தான் புரண்டு திறக்கிறது; ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் இரை நீரோடு உள்ளே உறிஞ்சப்படுகிறது. எனவே அங்கும் 'வளைபுரள்வு' செல்லும், 'விரைமூடல்' செல்லாது. ஆல்ட்ரோவாண்டா என்ற நீர்ச்செடி வீனஸ் பூச்சிப்பொறியின் நெருங்கிய உறவுதான், அதைவிட வேகமாகவே மூடும். ஆனால் அதன் மடல்கள் புரள்வதில்லை. நடுநரம்பு வளைவதால் இரண்டும் நெருங்கி வருகின்றன. அதற்குப் பழைய 'வளைதல்' போதும்.