ஐஜிடிசி-யில் வெளிவராத கேம்களை ஆடிப் பார்க்கறது எப்படி?

ஈரோட்டான்:
வணக்கமுங்க. ஐஜிடிசி-க்கு, அதாவது இந்திய கேம் டெவலப்பர்கள் மாநாட்டுக்குப் போறேன். ஒரு ஸ்டால்ல 15 நிமிஷம்தான் ஆட விடுவாங்களாம். என்ன கவனிக்கணும்? ஸ்கிரீனை கேமராவுல எடுத்தா கறுப்புப் பட்டை ஓடுதுங்களே?

பெருந்துறை பிக்ஸல்:
ஆடறதுக்கு முன்னாடியே எம்பார்கோ தேதி (எப்ப இருந்து வெளியிடலாங்கறது), எதைப் படம் பிடிக்கலாம்னு கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க. டெமோங்கறது பெரும்பாலும் மெருகேத்தின ஒரு துண்டு, அதை வெச்சு முழு கேமை எடை போட முடியாதுங்க. அவங்க காட்டற வழியிலயே போகாதீங்க. சுவத்தோரம் உரசிப் பாருங்க, வேணும்னே செத்து லோடிங் நேரத்தை எண்ணுங்க. ஓடறது பிசியா கன்சோலான்னும் கேளுங்க. கன்சோல் கேமையும் பிசியில காட்டறது சகஜம்.

சிங்காநல்லூர் ஷட்டர்:
பட்டை வர்றது ஷட்டர் வேகத்தால. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 1/60 நொடி வைங்க. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ஹால் லைட் மினுங்கலாம். ஆளைப் பேட்டி எடுக்கறப்ப 1/50-க்கு மாத்திக்கோங்க. கேப்சர் கார்டு (திரையில ஓடறதை நேரடியா பதிவு பண்ற கருவி) மாட்ட விட்டா இன்னும் நல்லது. பிஎஸ்5-ன்னா ஹெச்டிசிபி-யை (காப்பி எடுக்கறதைத் தடுக்கற பூட்டு) அணைக்கச் சொல்லணும், இல்லாட்டி கார்டுல படமே வராது.

காங்கேயம் கன்ட்ரோலர்:
பட்டன் அமுக்கினா தாமதமாகுதா? உடனே கேமைத் திட்டிராதீங்க. டிவியில கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கற செட்டிங்) போட்டிருக்கான்னு பாருங்க, ஸ்டால்ல மறந்திருக்கலாம். ஆல்ஃபா பில்டுல (இன்னும் முடியாத ஆரம்பப் பதிப்பு) ஃப்ரேம் குறைஞ்சு படம் திக்கறதையும் குறையா எழுத வேண்டாம். பில்டு எந்தத் தேதியோடதுன்னு மட்டும் குறிச்சு வைங்க.